முப்பத்திரண்டு பேட்டரிகளும் ஒரு மூக்கும்

கதவைத் திறந்ததும் மோப்பக்காரர் முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். கால் பிறகுதான் போகும்.

அறை இரண்டு கட்டில் போடும் அளவுதான். இடது சுவரில் நான்கு தட்டு இரும்பு அலமாரி. தட்டுக்கு எட்டாக முப்பத்திரண்டு பேட்டரிகள். வலது மூலையில் பீரோ மாதிரி நிற்கும் யூ.பி.எஸ். நடுவில் ஒரு ஸ்டூல் போட இடம். ஏ.சி. காற்றில் இரும்பும் தூசியும் கலந்த ஒரு வாசனை எப்போதும் உண்டு. அது சொந்த வீட்டு வாசனை மாதிரி, மூக்குக்கு உறைக்காது. அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால்தான் ஆபத்து. எங்கோ ஒரு பேட்டரி உள்ளுக்குள் கொதிக்கிறது என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் இரண்டே தடவை அது வந்திருக்கிறது. இரண்டு தடவையும் மீட்டருக்கு முன்னால் அவர் மூக்குதான் கண்டுபிடித்தது. அதிலிருந்து மாடியில் இருப்பவர்கள் வைத்த பெயர் இது.

மாடியில் பதினோரு மேஜை, பதினோரு கம்ப்யூட்டர். ஆம்புலன்ஸ் வேண்டும் என்று ஊரில் யார் ஃபோன் செய்தாலும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் காதில்தான் விழும். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தெருவுக்கு எது பக்கம் என்பதெல்லாம் திரையில்தான் தெரியும். கரண்ட் போனால் பின்பக்கத்து ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்திருக்க அரை நிமிஷம் ஆகும். மக்கர் பண்ணினால் பத்து நிமிஷம். அந்த இடைவெளியில் திரைகள் கண் சிமிட்டாமல் இருக்கத்தான் கீழே இந்த முப்பத்திரண்டும்.

"நாங்க ஊரு உசிரைப் பாத்துக்கறோம். எங்க உசிரை மோப்பக்காரர் பாத்துக்கறாரு" என்று மாடியில் ஒரு பெண் அடிக்கடி சொல்வாள். கேலி பாதி, நிஜம் பாதி. அவர் சிரிக்கமாட்டார். எதற்காக இவள் நம்மைப் புகழ்கிறாள் என்று படி இறங்கும்வரை யோசிப்பார்.

சந்தேகம் அவருக்குப் பிறவிக்குணம் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்கு இருந்தார். ஒரு நாள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் காணாமல் போயிற்று. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது இவருடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். மூன்றாம் நாள் அலமாரிக்குப் பின்னால் அந்தச் சாமான் கிடைத்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. டப்பாவை மட்டும் இவர் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எதையும் தொடுவதற்கு முன்னால் ஓர் அடையாளம் வைத்துவிடும் பழக்கம் வந்தது. முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தார். போகப்போக மற்றவர்களைப் பிடிப்பதற்கு வைக்க ஆரம்பித்தார்.

அடையாளம் என்பது நெயில் பாலிஷ். பேட்டரியின் போல்ட்டை முறுக்கியதும் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பொட்டு. யாராவது தளர்த்தினால் பொட்டு உடைந்துவிடும். தொழிலில் இது உள்ளதுதான். அதற்கென்றே பெயிண்ட் விற்கிறார்கள். அவருடையது காய்ந்துபோன அன்று வீட்டுக்காரியின் பாட்டிலை எடுத்துவந்தார், அதுவே நிலைத்துவிட்டது. வீட்டிலும் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரில் பொட்டு, தண்ணீர்த் தொட்டி மூடியில் பொட்டு, ரிப்பேருக்குப் போன மிக்ஸியின் நான்கு ஸ்க்ரூவிலும் பொட்டு.

"என் நகத்துல ஒரு நாள் வச்சு விட்டதில்ல. ஊர்ல இருக்கற ஸ்க்ரூ எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கிக்கிட்டு நிக்குது" என்பாள் அவர் மனைவி.

"நம்பிக்கை இல்லாம இல்ல. ஒரு அடையாளத்துக்கு" என்பார் அவர். எல்லாரிடமும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை வாய்தவறி ஒருவருக்காகப் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் தங்கையின் வீட்டுக்காரர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். ஆபீஸ்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போடுவதுதான் அந்தக் கடையின் பிழைப்பு. இங்கே பழைய பேட்டரிகளுக்கு வயதாகி மாற்றவேண்டி வந்தபோது கன்ட்ரோல் ரூமை நடத்தும் மேடம், "நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா?" என்று கேட்டார். "என் மாப்பிள்ளை கடை இருக்கு மேடம். நான் பொறுப்பு" என்று வந்துவிட்டது. சொன்ன நிமிஷத்திலிருந்தே அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க வழி தேட ஆரம்பித்தார்.

புதுப் பேட்டரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கின. அன்றைக்கே சோதித்துப் பார்த்தார். யூ.பி.எஸ்.ஸுக்கு வரும் கரண்ட்டை ஸ்விட்சில் நிறுத்தி, பேட்டரியிலேயே ஓடவிட்டு, மெஷின் 'இனி தாங்காது' என்று நீளமாக அலறும்வரை எத்தனை நிமிஷம் என்று பார்ப்பதுதான் சோதனை. முப்பத்தொரு நிமிஷம் ஓடியது. நோட்டில் '31' என்று எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் இதைச் செய்யலாம் என்பது விதி. ஒருமுறை மாடியில் புதிதாகச் சேர்ந்த பையன், "தினமும் செஞ்சு பாத்துட்டா நிம்மதியா இருக்கலாமே சார்?" என்று கேட்டதற்கு, "ஒரு தடவை வடிச்சா மறுபடி ஏற பத்து மணி நேரம் ஆகும். சும்மா சும்மா வடிச்சா அதுக்கு ஆயுசு கொறையும். மனுஷனைத் தினமும் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவியா?" என்று திட்டி அனுப்பியவரும் இவர்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை சோதித்தார். இருபத்தாறு நிமிஷத்தில் அலறிவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார். ஐந்து நிமிஷம் எங்கே போயிற்று? புதுப் பேட்டரி. மூன்றே மாதம். '26' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். எழுதும்போதே மாப்பிள்ளையின் முகம் கண்முன் வந்து நின்றது, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

டார்ச்சை எடுத்து ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் மேல் இரண்டு தட்டில் இருந்த பொட்டுகள் ஒரு சிவப்பு, கீழ் இரண்டு தட்டில் இருந்தவை இன்னொரு சிவப்பு. மேலே ரத்தச் சிவப்பு. கீழே கொஞ்சம் ஊதா கலந்த சிவப்பு. யாரோ கீழே இருந்த பதினாறையும் தூக்கிவிட்டுப் பழசை வைத்து, அவர் மாதிரியே பொட்டும் வைத்திருக்கிறார்கள்! அவருடைய அடையாளத்தையே திருடிவிட்டார்கள்!

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியைக் கேட்டார். "உன் நெயில் பாலிஷ் யார் கையிலாவது போச்சா?"

"யார் கையில போகும்? உங்க கையிலதான் போச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பாதியில தீந்துபோச்சுன்னு ஃபோன் பண்ணினீங்க. நான் ஆபீஸ் வாசல்ல வந்து வேற பாட்டில் குடுத்துட்டுப் போனேன். மறந்துபோச்சா?"

அவருக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

"கலர் வேறயா இருந்திருக்கு. நீ சொல்லல."

"பேட்டரிக்கு மேட்சிங் பாக்கணும்னு எனக்குத் தெரியலீங்க."

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மோப்பக்காரருக்குப் பாலிஷ் விஷயம் தெளிந்ததும் வேறொன்று தோன்றியது. இவள் ஏன் இவ்வளவு சட்டென்று பதில் சொன்னாள்? இரண்டு வீட்டுப் பெண்களும் வாரத்துக்கு மூன்று நாள் ஃபோனில் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள்?

இரண்டு நாள் கழித்து வேலை நேரத்திலேயே கிளம்பி மாப்பிள்ளை கடைக்குப் போனார்.

"வாங்க மச்சான்! என்ன, இந்த நேரத்துல?"

"சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேலை."

இந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். மாப்பிள்ளை ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோப்பக்காரர் உட்காராமல் கடையின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். பழைய பேட்டரிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் யாரோ ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கட்டு ஸ்டிக்கர்.

"குப்பைக்குப் போற பேட்டரிக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு குளியல்?"

"அழுக்கா அனுப்பினா எடுத்துட்டுப் போறவன் திருப்பி அனுப்பிடறான் மச்சான். அவனுக்கும் மேல ஒருத்தன் இருக்கான் இல்ல."

"இந்த ஸ்டிக்கர்?"

"கடைப் பேருதான். சர்வீஸ் தேதி எழுதி ஒட்டறது."

"பழசு மேல ஒட்டினா புதுசு மாதிரி இருக்கும், இல்ல?"

மாப்பிள்ளை சிரித்தார். "டை அடிச்சா நான்கூடத்தான் மச்சான் புதுசு மாதிரி இருப்பேன். உங்க தங்கச்சி ஏமாந்துடுவாளா?"

நல்ல பதில்தான். அதுதான் மோப்பக்காரரை உறுத்தியது. பஸ்ஸில் திரும்பிவரும்போது, மடியில் கனம் இருப்பவன்தான் இப்படித் தயாராகப் பதில் வைத்திருப்பான் என்று முடிவுகட்டினார். வாய்விட்டு யாரிடமும் சொல்லவும் முடியாது. ஒரு கடை போட்ட சரக்கு மோசம் என்று ஓர் ஆபீஸ் எழுதிவிட்டால் மற்ற ஆபீஸ்களும் அந்தக் கடைப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். அப்புறம் தங்கை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? சொல்லாமல் விட்டால் 'நான் பொறுப்பு' என்ற வார்த்தை அவர் தலையில் விடியும். உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்கக்கூடாது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே வழிதான் தெரியும்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, மாடியில் பாதிப்பேர் சாப்பிடப் போயிருந்த நேரம், கதவை உள்ளே தாழிட்டு ஸ்விட்சை இறக்கினார். யூ.பி.எஸ். மின்விசிறியின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. நாலு விநாடிக்கு ஒரு தரம் மெஷின் 'பீப்' என்றது. ஐந்தே நிமிஷம். முழுதாக வடிக்கப்போவதில்லை, லேசாக நாடி பிடித்துப் பார்ப்பதுதான். மெஷின் காட்டும் சார்ஜ் நூற்றிலிருந்து எண்பதிலாவது நிற்கவேண்டும். எழுபத்தேழில் நின்றது.

அடுத்த நாளும் பார்த்தார். எழுபத்துமூன்று. அதற்கடுத்த நாள் ஐந்து நிமிஷத்தைப் பத்தாக்கினார். பிறகு காலையில் வந்ததும் ஒன்று, மதியம் ஒன்று. எண் இறங்க இறங்க அவருக்கு ஒருவிதத்தில் திருப்தியாகக்கூட இருந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி. 'ஏறப் பத்து மணி நேரம் ஆகும்' என்று பையனுக்குப் பாடம் எடுத்த வாய் இப்போது அந்த அறைக்குள் மூடிக்கொண்டிருந்தது. இது சோதனையே இல்லை, திருடனைப் பிடிப்பது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். நோட்டிலும் எழுதவில்லை. வாசலில் இருந்த காவலாளி மட்டும் இரண்டு தடவை, "என்ன சார், உள்ள ஏதோ குருவி கத்தற மாதிரி கேக்குது?" என்றார். "மெஷின்னா கத்தும்" என்று இவர் முறைத்ததில் அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காவலாளியும் மோப்பக்காரரின் மனப்பட்டியலில் ஏறினார். மாப்பிள்ளைக்கு உளவு சொல்கிறவனாக இருக்கலாம்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. இரண்டு மணிச் சோதனையை முடித்துவிட்டுக் கதவைப் பூட்டும்போது மெஷின் முப்பத்தெட்டு காட்டியது. அரை மணி நேரம் கழித்துத் தெரு முழுவதும் விளக்கும் விசிறியும் நின்றன. நிஜக் கரண்ட் கட்.

பின்பக்கம் ஜெனரேட்டர் 'கிர்ர்' என்று சொல்லி நின்றது. மறுபடி 'கிர்ர்'. மோப்பக்காரர் ஓடிப்போய் டீசல் வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது உள்ளே அந்த நீளமான அலறல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. ஒரு கட்டடம் மூச்சை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மாடியில் பதினோரு திரையும் ஒன்றாக அணைந்தன. படிக்கட்டு வழியாக அந்தக் கேலிக்காரப் பெண்ணின் குரல் இறங்கி வந்தது: "ஐயா, லைன்ல இருக்கீங்களா? ஐயா? எந்தத் தெரு சொன்னீங்க? ஐயா..."

ஜெனரேட்டர் கிளம்பி எல்லாம் மறுபடி எழுந்து உட்கார ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை மாடியில் இருந்தவர்கள் சொந்தக் கைபேசியும் பேனாவுமாகச் சமாளித்தார்கள். யாருக்கும் உயிர்போகவில்லை. மாடிப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு பெரியவர் மட்டும் வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் அதிகமாக அந்தப் படியிலேயே கிடந்தார்.

இரண்டு மணிக்குத் தான் வடித்தது மோப்பக்காரருக்கு ஞாபகம் வந்தது. ஒரு நொடிதான். நல்ல பேட்டரியாக இருந்தால் தாங்கியிருக்காதா என்ற கேள்வியை அதன்மேல் தூக்கிப்போட்டு மூடினார். அன்று மாலையே கடிதம் எழுதினார்: 'பொருத்தப்பட்ட பேட்டரிகள் தரமற்றவை என்று சந்தேகிக்க வலுவான காரணங்கள் உள்ளன.' அடியில் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் கொடுத்தார். மேடம் படித்துவிட்டு, "உங்க சொந்தக்காரர்தானே?" என்றார்.

"வேலைன்னு வந்துட்டா சொந்தம் என்ன மேடம்."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மறுநாள் தங்கை ஃபோன் செய்தபோது அது கொஞ்சம் இறங்கியது.

"அண்ணே, லெட்டர் நீயா எழுதினே?"

"ஆபீஸ் எழுதினது."

"கையெழுத்து உன்னுதுன்னு அவரு சொல்றாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் என்ன, வேத்து ஆளா?"

சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு யூ.பி.எஸ். கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் பெண் லேப்டாப்போடு வந்தாள். கடைக்காரர் என்ற முறையில் மாப்பிள்ளையும் வந்திருந்தார். மேடம் லேப்டாப்பை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார், காவலாளி கதவோரம். மச்சானைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இன்ஜினீயர் கேபிளை மாட்டுவதற்குள் மாப்பிள்ளை தன் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். முப்பத்திரண்டையும் பார்த்தார். முடிந்ததும் மீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். பேசவில்லை. பேச்சில்லாத மாப்பிள்ளையை மோப்பக்காரர் அதுவரை பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டவன் மௌனம் என்று நினைத்தார்.

"முதல் டெஸ்ட் முப்பத்தொண்ணு, ரெண்டாவது இருபத்தாறு" என்று இன்ஜினீயர் நோட்டைப் புரட்டினாள். "லோடு எவ்வளவுன்னு எழுதலையே சார்?"

"நிமிஷம்தான் எழுதறது வழக்கம்."

"மெஷின்ல இருக்கு, பாருங்க. முதல் டெஸ்ட் ஞாயித்துக்கிழமை. மாடியில ரெண்டு சிஸ்டம் ஆஃப். ரெண்டாவது டெஸ்ட் புதன்கிழமை, எல்லாமே ஓடியிருக்கு. பாரம் கூடினா நிமிஷம் குறையத்தானே செய்யும்? இருபத்தாறு நல்ல நம்பர் சார். பேட்டரி அன்னிக்கு நல்லாத்தான் இருந்திருக்கு."

மோப்பக்காரர் நோட்டைத் திரும்ப வாங்கி, தான் போட்ட இரண்டு கோட்டைப் பார்த்தார். இன்ஜினீயர் இன்னும் ஏதோ தட்டினாள். திரையில் வரிவரியாக ஓடிற்று. அவள் புருவம் ஏறியது.

"இது என்ன? ஆறு வாரத்துல அறுபத்துமூணு தடவை மெஷின் பேட்டரிக்கு மாறியிருக்கு. காலைல ஒம்போது, மத்தியானம் ரெண்டு. முழுசா ஏற விடாம மறுபடி மறுபடி வடிச்சிருக்காங்க. பாதி வயித்தோட தினமும் ஓட விட்டா எந்த பேட்டரியும் படுத்துரும்."

மெஷினுக்கு ஞாபகம் உண்டு என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு பொடி எழுத்தில், மணி நிமிஷத்தோடு எழுதிவைக்கும் என்று தெரியாது. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் அவர் பொட்டு வைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தப் பீரோ மூலையில் நின்று அவருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கரண்ட் போயிருக்கும் மேடம்." சுவரோரத்திலிருந்து மாப்பிள்ளை பேசினார். "இந்த ஏரியாவுல அடிக்கடி போகும்."

மோப்பக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். இவன் எதற்கு இப்படிச் சொல்கிறான்? பேட்டரி நல்லது என்றால் கடை தப்பிக்கும். யாரோ கெடுத்தது என்று நிரூபணமானால் இன்னும் நல்லது. கைக்கு வந்ததை எதற்குத் தள்ளிவிடுகிறான்? இதில் என்ன சூது?

"கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடியிருக்கணும். அறுபத்துரெண்டு தடவை ஓடலை. யாரோ கையால ஸ்விட்சை இறக்கியிருக்காங்க" என்றாள் இன்ஜினீயர்.

மேடம் நிமிர்ந்தார். "இந்த ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"ஒண்ணு சார்கிட்ட. ஒண்ணு வாசல் டிராயர்ல" என்றார் காவலாளி.

"அப்போ வாசல்ல உக்காந்திருக்கறது யாரு? நீங்கதானே? வேற சாவி ஏதாவது போட்டு வச்சிருக்கீங்களா? உங்க பையைக் கொஞ்சம் இங்க கொண்டாங்க."

காவலாளி அறுபதைத் தொட்ட மனிதர். பையைக் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்தார். ஒரு துண்டு, கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை. கடைசியாகச் சாப்பாட்டு டப்பா. அதையும் எல்லாரும் பார்க்கும்படி முன்னால் நகர்த்திவைத்து, மூடியில் கைவைத்தார்.

"திறக்காதீங்க" என்றார் மோப்பக்காரர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பார்வை டப்பாவின் மேலேயே இருந்தது.

"நான்தான் மேடம். அறுபத்துமூணும். இல்ல, அறுபத்துரெண்டும். கடைசி ஒண்ணுதான் நிஜக் கட்டு. அதுக்கு அரை மணி நேரம் முன்னாடியும் நான்தான் வடிச்சேன். மாப்பிள்ளை பழசைக் குடுத்துட்டாரோன்னு சந்தேகம். பாத்துக்கிட்டே இருந்தேன். பாத்துப் பாத்தே கெடுத்துட்டேன்."

காவலாளி மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார் மெதுவாக. "தினமும் அந்தக் குருவிச் சத்தம் கேக்கும். நீங்க வேலையைத்தான் பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மேடம் நிறையப் பேசினார். அந்தப் பெரியவரின் இடுப்பைப் பற்றிப் பேசினார். மெமோ வரும் என்றார். இனிமேல் சாவி வாசலில்தான், நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும் என்றார். மோப்பக்காரர் எதற்கும் தலையை ஆட்டினார். "மூணு பேட்டரி போயாச்சு. மத்ததை ஒரு வாரம் யாரும் தொடாம விட்டா ஓரளவு தேறிக்கும்" என்றாள் இன்ஜினீயர். "வேற மருந்து ஒண்ணும் இல்ல சார். தொடாம விடறதுதான்."

அவரே மேடத்தின் மேஜையில் உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினார். 'குறை பேட்டரியில் இல்லை. பராமரிப்பவரின் தவறு.' பராமரிப்பவர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு போயிற்று. முதல் கடிதத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அறைச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தபோது அவர் ஒரு கயிற்றை எடுத்துச் சாவியில் மூன்று முடிச்சுப் போட்டார்.

"எதுக்கு முடிச்சு?"

"நம்பிக்கை இல்லாம இல்ல சார். ஒரு அடையாளத்துக்கு" என்றார் காவலாளி. சிரிக்கவும் இல்லை.

வெளியே கேட்டருகில் மாப்பிள்ளை வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மோப்பக்காரர் பக்கத்தில் போய் நின்றார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த வழியிலேயே ஆரம்பித்தார்.

"கரண்ட் போயிருக்கும்னு எதுக்குப் பொய் சொன்னீங்க மாப்ளே?"

"பின்ன? மச்சான் திருடன் மாதிரி நிக்கறதைப் பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"நான்தான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் பேட்டரிக்காரன் மச்சான். லெட்டர் வந்த அன்னிக்கே சந்தேகப்பட்டு உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன், இன்னிக்கு மீட்டர் வச்சதும் உறுதியாச்சு. மட்டமான சரக்குன்னா ரெண்டு மூணுதான் இறங்கிக் கெடக்கும். முப்பத்திரண்டும் கைகோத்துக்கிட்டு இறங்கினா யாரோ உக்காந்து வடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு அந்த ரூம்ல உக்காரற ஆளு உங்களைத் தவிர யாரு?"

"அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாமே. கடைப் பேரு தப்பிச்சிருக்கும்."

மாப்பிள்ளை துணியை உதறி மடித்தார். இந்தத் தடவை பதில் தயாராக இல்லை. "நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றார். "மறைக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்ல மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு அவர் கொடுத்து வந்த அவநம்பிக்கை சரியாக அவர் கையில் வந்து விழுந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. முதல் முறையாக, அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

மாப்பிள்ளையின் ஃபோன் அடித்தது. எடுத்ததும் மறுமுனையில் தங்கையின் குரல் வெளியே கேட்கும்படி வந்தது: "அண்ணன் சொல்லிடுச்சா?"

"சொல்லிட்டாரு. நீ ஜெயிச்சே. இந்தா, பேசு."

மோப்பக்காரர் ஃபோனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, நீ சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும். இவருதான் பெட்டு கட்டினாரு."

நிஜமாகவே தெரியுமா, இல்லை, நம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளா? அவர் மூக்கு தானாகவே ஒரு தடவை விடைத்தது. ஃபோனில் எந்த வாடையும் வரவில்லை.

"வரேன்மா" என்றார். "அடுத்த வாரம் அந்த ரூம்ல ஒரு டெஸ்ட் இருக்கு. அது சரியா வந்துதுன்னா வீட்டுக்கு வரேன்."

"டெஸ்ட் எல்லாம் ஒண்ணும் வேண்டாம். இன்னிக்கே வா. அண்ணியையும் வரச் சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டுப் பின்சீட்டைத் தட்டிக் காட்டினார். மோப்பக்காரர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏறுவதற்கு முன்னால், மாப்பிள்ளை பார்க்காத நேரமாகப் பார்த்து, பின்சக்கரத்தின் நட்டை ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"இறுக்கமாத்தான் இருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலே.